மஞ்சக்குட்டையில் ஒருவர்

எஸ்டேட்டின் ஏற்காடு ஆபீசில் அமலிக்கு ஒரு கம்ப்யூட்டர். மஞ்சக்குட்டைக் கிளையில் அவள் புருஷன் மனுவேலுக்கு ஒன்று. இரண்டையும் டெலிபோன் கம்பி இணைத்தது. சாயங்காலமானால் இருவரும் ஒற்றை எழுத்தாலான ஒரு கட்டளையைத் தட்டுவார்கள். யார் யார் வேலையில் இருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்பது திரையில் வரும். ஒருவர் கம்ப்யூட்டரை மூடிப் பெயர் மறைந்தால் அவர் வீட்டுக்குக் கிளம்பியாயிற்று என்று மற்றவரும் புறப்படுவார்.

ஜீப் கவிழ்ந்து மனுவேல் செத்ததும் கிளையை மூடினார்கள். கம்பியை அறுத்தார்கள். அவனுடைய கம்ப்யூட்டர் கோணி போர்த்தி அமலியின் மேஜையடியில் கிடந்தது.

முப்பதாம் நாள் பூசை முடிந்து வேலைக்கு வந்தவள், சாயங்காலம் பழக்கத்தில் தட்டினாள். அவள் பெயருக்குக் கீழே அவன் பெயர் இருந்தது. இடம், மஞ்சக்குட்டை.

வாட்ச்மேன் ஐயாக்கண்ணு சாவியோடு வந்தார். "ஏனுங்க அம்மிணி, பனி நொம்ப எறங்கீருச்சு. ஊட்டுக்குப் போகலீங்களா?"

"அவரு இன்னும் வேலைய உட்டு எந்திரிக்கலீங்கண்ணா."

ஐயாக்கண்ணு வெளியே போய் நின்றார்.

மனுவேல் பெயருக்கு நேரே, என்ன செய்கிறான் என்று காட்டும் கட்டத்தை அப்போதுதான் அமலி பார்த்தாள். அவள் தட்டிய அதே கட்டளை. அவள் பெயர் மறைந்ததா என்று அவனும் பார்த்துக்கொண்டிருக்கிறான். மறைந்தால் வீட்டுக்குக் கிளம்பிவிடுவான்.

அமலி கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.