தனியாகக் கேட்ட வயலின்

"வேணாம்மா. மாஸ்டர் திட்டுவாரு," என்று மகன் வயலின் வில்லை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

"திட்டட்டும். எல்லாப் பிள்ளைங்க வில்லையும் பார்த்துப் பார்த்துத் தயார் பண்றவருக்கு உன்னோடது மட்டும் கண்ணுல படலையாமா?" தலைவியம்மா வில்லைப் பிடுங்கிக்கொண்டாள். ரோசின் என்ற பிசின் கட்டியின் மேல்தாளை நகத்தால் கிழித்தாள். வயலினோடு சேர்த்து வாங்கியது, இன்னமும் கடையில் இருந்த மேனிக்கே பளபளத்தது.

சற்று முன்புதான், மேடைக்குப் பின்னால் இருந்த அந்த அறையில், தையல்காரர் மகள் தன் வில்லில் அதே மாதிரி ஒரு பிசின் கட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எதற்கு என்று தலைவியம்மாதான் கேட்டாள்.

"இது தேய்க்கலைன்னா வில்லு கம்பியில வழுக்கிக்கிட்டே போகும் ஆன்ட்டி. சத்தமே வராது."

அவளுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கிற்று. மாஸ்டரின் ஓரவஞ்சனை. போன வருடக் கச்சேரி முடிந்ததும் நாத்தனார் கூசாமல் கேட்டாளே, "என் மருமகன் கையை ஆட்டினான், சரி. வாசிச்சானா அண்ணி?" என்று. அந்தக் கேள்வி வருடம் முழுக்க அவளைத் தூங்கவிடவில்லை. இன்று அதே நாத்தனாரை வருந்தி வருந்தி அழைத்து முன்வரிசையில் உட்கார வைத்திருக்கிறாள். மகன் மானத்தைக் காப்பாற்றியே ஆக வேண்டும். கை வலிக்கும்வரை தேய்த்தாள்.

குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு நிதி திரட்டும் கச்சேரி அது. விழாக் கமிட்டித் தலைவி அவள்தான். பேனரில் ஆஸ்பத்திரியின் பெயரைத்தான் தேட வேண்டும், அவள் பெயரைத் தேட வேண்டியதில்லை. அந்த இளையோர் இசைக்குழுவில் மகனுக்கு எப்படி இடம் கிடைத்தது என்பதையும் யாரும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

திரை விலகியது. வயலின்கள் எல்லாம் ஒன்றாக எழுந்தன. கூடவே, எண்ணெய் காணாத கதவுக் கீல் போல ஒன்று கீச்சிட்டது. அது நிற்கவும் இல்லை, மற்றவர்களோடு சேரவும் இல்லை. ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் காதைச் சொறிகிற சாக்கில் பொத்திக்கொண்டார்.

"யாரு அண்ணி அது, காதுல கம்பியை விடுறது?" என்றாள் நாத்தனார்.

"என் பையனுக்குப் பக்கத்துல நிக்குதே, தையல்காரர் பொண்ணு. அதாத்தான் இருக்கும்." தலைவியம்மா முகத்தைச் சுளித்தாள். "தர்மத்துக்கு வாசிக்கிறதுன்னா கண்டதையும் மேடை ஏத்திடுறதா?"

"என் மருமகன் சத்தம் எது?"

"நல்லாக் காதைக் குடுத்துக் கேளு. இன்னைக்குத் தனியாவே கேக்கும்."

கைதட்டல் பேருக்கு எழுந்து அடங்கியது. அவள் விறுவிறுவென்று மேடை ஏறினாள். வேடிக்கையை விட மனமில்லாத நாத்தனாரும் பின்னாலேயே வந்தாள்.

"மாஸ்டர், அந்தத் தையல்காரர் பொண்ணை இன்னையோட நிறுத்திடுங்க. மானமே போச்சு."

தையல்காரர் மகள் வயலினை மார்போடு அணைத்துக்கொண்டு தலையைக் குனிந்தாள். மகன் அம்மாவை நிமிர்ந்து பார்க்கவில்லை.

மாஸ்டர் பையன் கையிலிருந்த வில்லை வாங்கினார். அதன் முடியில் விரலை ஓட்டினார். விரல் நுனி வெள்ளை வெளேரென்று ஆனது. பிறகு தாழ்ந்த குரலில்தான் கேட்டார், ஆனால் நாத்தனார் காதில் தெளிவாகவே விழுந்தது.

"ரோசினைத் தொடவே கூடாதுன்னு சொல்லித்தானேடா உன்னைக் குழுவுல சேர்த்தேன்?"