சிவலைக்கு ஒரு மணிக்கூடு

"பிள்ளை, இது தண்ணியில நனைஞ்சாலும் வேலை செய்யுமோ? எங்கட ஆள் குளத்தைக் கண்டால் விடமாட்டார்."

"கறுப்பு, பச்சை ரெண்டும் வேலை செய்யும் ஐயா," என்றாள் கடையில் நின்ற லக்சிகா. "ஓடுறவருக்கு எத்தனை வயசு?"

வீரகத்தி கொஞ்சம் யோசித்தார். "ஆறு பல்லு," என்றார்.

கிளிநொச்சியில், ஓடிய தூரத்தைக் கணக்கெடுக்கும் உடற்பயிற்சி மணிக்கூடு வாங்க வந்து, பல்லை வைத்து வயது சொன்ன முதல் ஆள் அவராகத்தான் இருக்க வேண்டும். ஓடுகிறவர் ஸ்கந்தபுரத்தில் அவர் வளர்க்கும் சவாரி மாடு சிவலை. வரப்போகிற மாட்டுவண்டிச் சவாரியில் பக்கத்துக் காணித் தங்கராசாவின் சோடியை ஒரு தடவையாவது முந்திவிட வேண்டும். வருஷா வருஷம் தோற்றுத் தோற்று, தேநீர்க் கடைப் பக்கமே போகமுடியாமல் இருந்தது அவருக்கு.

சிவலையில் அவருக்கு ஒரு சந்தேகம். விடியற்காலையில் வாய்க்கால் கட்டில் அவிழ்த்துவிட்டால் அது பறந்துகொண்டு போகும். முடக்குத் திரும்பினால் கண்ணுக்குத் தெரியாது. வெகுநேரம் கழித்து ஆடி அசைந்து வரும். அந்தப் பக்கம் போய் ஓடுகிறதா, மேய்கிறதா? மோட்டார் சைக்கிளில் பின்னால் போய்ப் பார்க்கவும் வழியில்லை. அந்தச் சத்தம் கேட்டால் வயலுக்குள் பாய்ந்துவிடும்.

கழுத்துக் கயிற்றில் ஒரு மணிக்கூட்டைக் கட்டிவிட்டால் திருட்டு வெளிப்பட்டுவிடும் என்று கண்டுபிடித்தார் வீரகத்தி. கறுப்பா, பச்சையா என்று போனில் படங்களைக் காட்டிக் காட்டி மனைவி நாகேஸ்வரியின் காதை ஒரு கிழமையாகத் தின்றார். நாகேஸ்வரி இரண்டையும் உற்றுப் பார்த்துவிட்டுத் தன் வேலைக்குப் போய்விடுவார். அவர் கடைக்கு வருவதற்கு முந்தின நாள் கிளிநொச்சிச் சந்தைக்குப் போய் மரக்கறி வாங்கி வந்தபிறகு, "நாளைக்கே போய் வாங்குங்கோவன்," என்றார்.

"கறுப்பைத் தா பிள்ளை. விலை கூடினாலும் பரவாயில்லை."

"கறுப்பு வேண்டாம் ஐயா. பாரம். மாட்டுக்குக் கழுத்து நோகும். பச்சையை எடுங்கோ."

விலை கூடினதை வேண்டாம் என்று தடுக்கிற கடையை வீரகத்தி தன் ஆயுளில் கண்டதில்லை. என்ன நல்ல பிள்ளை என்று மனம் உருகிப்போனார். வண்டியையும் ஆளையும் இழுத்துக்கொண்டு பறக்கிற மாட்டுக்கு ஒரு மணிக்கூடு பாரமா என்று அவருக்குத் தோன்றவேயில்லை.

"உங்களுக்கும் ஒண்டு எடுக்கலாமே?" என்று கேட்டாள் லக்சிகா.

"எனக்கோ? சீனி வருத்தத்துக்கு நட, ஓடு எண்டு டொக்டரும் மனுசியும் சொல்லிக் களைச்சுப் போச்சினம். நான் குளிசை போடுறன்தானே."

காசு கட்டி, பில்லும் போட்டு, பொட்டலத்தைக் கையில் கொடுக்கும்போதுதான் அவளுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. இந்தப் பச்சை மணிக்கூடு தனியே ஓட்டத்தைக் கணக்கெடுக்காதாம். போன் பக்கத்திலேயே இருக்க வேண்டுமாம்.

"அப்ப போனையும் மாட்டிலயே கட்டிவிடுவம்."

"கட்டலாம் ஐயா. ஆனால் குளத்தைக் கண்டால் விடமாட்டார் எண்டு நீங்கள்தானே சொன்னீங்கள்."

கறுப்புக்குப் போன் தேவையில்லை என்பதையும் அவளே சொன்னாள். பில் போட்டால் மாற்ற முடியாது என்பதையும் சொன்னாள்.

அடுத்த நாள் விடிய, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, சட்டைப்பையில் போனைப் பொத்திப் பிடித்தபடி வீரகத்தி சிவலைக்குப் பின்னால் ஓடினார். வரம்பில் நின்ற தங்கராசா வாய்விட்டுச் சிரித்தார்.

"கூட ஓடினால் மாடு ஓடுறது கண்ணுக்கே தெரியும்தானே அண்ணை. பிறகு ஏன் மணிக்கூடு?"

வீரகத்தியிடம் பதில் இருந்தது. சொல்லத்தான் மூச்சு இல்லை.

போகப் போக மூச்சும் வந்தது. சாரம் இடுப்பில் நிற்காமல் வழுகத் தொடங்கியது. சிவலையும் திருந்திவிட்டது. முடக்கில் நின்று திரும்பிப் பார்க்கும். அவர் வந்து சேர்ந்தபிறகுதான் மறுபடி ஓடும். என்ன பாசம் என்று அவருக்குப் பெருமை பிடிபடவில்லை.

சவாரி நாள் வந்தது. அவருடைய மருமகன் கோகுலன் வண்டியை ஓட்ட, சிவலையின் சோடி திடலில் முன்னுக்கு வந்துகொண்டிருந்தது. தங்கராசாவின் முகம் கறுத்தது. பாதி வழியில், கயிற்றுக்கு வெளியே நின்று கைதட்டிய வீரகத்தியைச் சிவலை கண்டுவிட்டது. உடனே நின்றது. அவர் வந்து சேரட்டும் என்று அமைதியாகக் காத்திருந்தது. கோகுலன் கத்திய கத்து எதுவும் அதன் காதில் ஏறவில்லை. தங்கராசாவின் சோடி பக்கத்தால் போய் வென்றுவிட்டது.

அன்றிரவு வீரகத்தி சாப்பிடாமலே படுத்தார். உண்மையிலேயே அழுகை வந்தது.

அந்தக் கிழமை அவருக்குக் கிளினிக். டொக்டர் சிரித்த முகத்தோடு என்னவெல்லாமோ சொன்னார். சவாரியையே நினைத்துக்கொண்டிருந்த வீரகத்தி ஒன்றையும் காதில் வாங்கவில்லை. கூட வந்த நாகேஸ்வரியையும் ஏற்றிக்கொண்டு, திரும்பும் வழியில் நேரே கடைக்கு வந்து, பச்சை மணிக்கூட்டை மேசையில் வைத்தார்.

"இந்தப் பச்சையால என்ர சவாரியே போச்சு. கறுப்பைத் தா."

லக்சிகா அவரைப் பார்க்கவேயில்லை. கிளினிக் கொப்பியோடு பின்னால் நின்ற நாகேஸ்வரியைப் பார்த்து, "அம்மா, டொக்டர் என்ன சொன்னவர்?" என்று கேட்டாள்.

"சீனி நல்லா இறங்கீட்டுதாம் பிள்ளை. குளிசையையும் குறைச்சுப் போட்டார்," என்றார் நாகேஸ்வரி, அவள் கையைப் பிடித்துக்கொண்டு. "இவர் கறுப்பைத்தான் கேப்பார், நீ பச்சையைத் தலையில கட்டிவிடு எண்டு நான் முந்தின நாளே வந்து சொல்லாட்டி, மாடு மட்டும்தானே ஓடியிருக்கும்."