பதினோரு மணி வரிசை

“யார் கடைசி?” என்று ஸ்பானிஷில் கேட்டாள் ஹீதர்.

காலை பதினோரு மணிக்கு மீன் கடை முன் நின்ற ஐந்து பேரும் திரும்பினார்கள். இந்த ஊரில் ஒருவர் பின் ஒருவராக நிற்கும் வழக்கமே கிடையாது. ஆளுக்கொரு மூலையில் நின்று அரட்டை அடிப்பார்கள்; புதிதாக வருகிறவர்தான் கடைசி ஆள் யாரென்று கேட்டு, அவருக்கு அடுத்து வாங்க வேண்டும். போன வாரம் இது தெரியாமல், இங்கிலாந்துக்காரியான ஹீதர் ஓரமாக ஒழுங்காக நின்றாள். அவள் யாருக்காகவோ காத்திருக்கிறாள் என்று மீன்காரி காசில்டா நினைத்துவிட்டாள். கடை மூடியதும் ஹீதர் வெறும் பையோடு வீடு திரும்பினாள்.

“நான்தாம்மா கடைசி,” என்றார் பாஸ்குவால் கிழவர்.

“நன்றி. நீ எப்படி இருக்கே?”

பக்கத்து வீட்டு ரெமேதியோஸ் சிரித்துவிட்டாள். “எண்பது வயசு மனுஷனைப் போய் ‘நீ’ன்னு சொல்றியே, ‘நீங்க’ன்னு சொல்லு.”

ஹீதரின் முகம் சிவந்தது. “எங்க பாஷைல எல்லாருக்கும் ஒரே வார்த்தைதான்.”

“சொல்லிட்டுப் போகட்டும் விடு. எனக்கு இருபது வயசு குறைஞ்ச மாதிரி இருக்கு,” என்றார் கிழவர். “எங்களுக்கு அவசரமில்லம்மா. நீ முதல்ல வாங்கிக்கோ.”

ஸ்பெயினுக்கு வந்த பதினோரு வருஷமும் அவளுக்காகப் பேசியவன் கணவன் எலாடியோ. அவன் இறந்து ஏழு மாதம் ஆகிறது. இந்த மாதத்துக்குள் தனியாகக் கடைத்தெருவைச் சமாளிக்க முடியாவிட்டால் வீட்டை விற்றுவிட்டு இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் இருக்கும் தங்கையிடம் போய்விடுவதென்று முடிவு செய்திருந்தாள். போக மனசே இல்லை. அதை ரெமேதியோஸிடம் பாதி சைகையில் சொல்லி அழுதும் இருக்கிறாள்.

“என்ன வேணும்?” என்றாள் காசில்டா.

“அரைக் கிலோ நெத்திலி. நேத்து பொரிக்கப் போறேன்.”

“நேத்துன்னா இந்நேரம் தின்னே முடிச்சிருப்பியே, எதுக்கு மீன்?”

எல்லாரும் சிரித்தார்கள். ஹீதரும் சிரித்தாள். “இன்னிக்கு. இன்னிக்குப் பொரிக்கப் போறேன். தலையைக் கிள்ளிடுங்க, குடலையும் எடுத்துடுங்க.”

காசில்டா ஒவ்வொரு நெத்திலியாக ஆற அமரச் சுத்தம் செய்தாள். வீட்டு ஓடு ஒழுகுகிறதா, தங்கைக்கு எத்தனை பிள்ளைகள் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். ஹீதர் தப்பும் தவறுமாக, ஆனால் திக்காமல் பதில் சொன்னாள்.

“தங்கச்சிக்கு இன்னிக்கே எழுதிடறேன், நான் வரலைன்னு,” என்றாள் பையை வாங்கிக்கொண்டே. “நாளைக்குக் கறிக்கடைக்குப் போய்ப் பார்க்கிறேன்.”

அவள் தெருமுனை திரும்பும்வரை யாரும் நகரவில்லை. பிறகு காசில்டா பெட்டிக்கு அடியில் குனிந்து, அந்த ஐந்து பேரும் காலை எட்டு மணிக்கே வாங்கி வைத்துவிட்டுப் போயிருந்த மீன் பைகளை எடுத்து ஆளுக்கொன்றாகக் கொடுத்தாள்.

“நாளைக்குக் கறிக்கடையாம்,” என்றார் பாஸ்குவால். “எத்தனை மணிக்கு வந்து நிக்கணும்?”