மணி மேலே அனுப்பியது

புதிதாக புரோகிராம் எழுதப் பழகும் ஒருவன், நர்ஸ்கள் கூடுதலாக வேலை பார்த்த நேரத்தைக் கூட்ட ஒன்று எழுதினான். அதற்குள் நிமிடம், மணி என்று இரண்டு பெட்டிகள். நிமிடம் அறுபது சேர்த்ததும் மணியிடம் கொடுத்துவிட்டு, வெறும் வயிற்றோடு மறுபடி சேர்க்கும்.

எஸ்தர் என்ற நர்ஸின் மாதத்தைக் கூட்டி முடித்தபோது, திரையில் ஒரே ஒரு மணி நேரம் வந்தது.

நிமிடம் மணியிடம் கேட்டது: "அண்ணே, இருபத்தஞ்சு தடவை குடுத்தேனே, எங்க?"

"இருபத்துநாலு சேர்ந்ததும் மேல அனுப்பிட்டேன். அதுதான் முறை."

"மேல யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. நாளுக்குப் பெட்டி வைக்க அவன் மறந்துட்டான்."

"தெரிஞ்சுமா அனுப்பினீங்க?"

"என்கிட்ட எதுவும் தேங்கி நிக்கலையே," என்றது மணி.

அதற்குள் அடுத்த நர்ஸின் பெயர் வந்துவிட்டது. நிமிடம் அறுபதைச் சேர்த்து, மணியிடமே கொண்டுபோய்க் கொடுத்தது.