இது என்ன படபடப்பு?

"போச்சு ஜோதி. நெஞ்சு நிக்கப் போவுது!"

புதுச்சத்திரம் தாண்டிக் காரை ஓரங்கட்டிய ஜெயசீலன், ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. சிதம்பரம் போக இன்னும் பாதி வழி இருக்கிறது, அவனை விட்டால் வண்டி ஓட்ட ஆளில்லை.

பின் சீட்டில் போர்வையோடு சாய்ந்திருந்த அவன் மனைவி ஜோதிலட்சுமி அசரவில்லை. "போன மாசமும் இதையேதான் சொன்னீங்க மாமா. ஈசிஜி எடுத்துப் பாத்தா, டாக்டரவிட ஒங்க நெஞ்சு நல்லாருக்குன்னாங்க."

எதிர்ப்பக்கம் டீக்கடை வைத்திருக்கும் ராஜாமணி ஓடி வந்து முன் கண்ணாடியைத் தட்டினார். உதவி செய்வதென்றால் அவருக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி.

"ஹார்ட் அட்டாக்கா தம்பி? ஏம்மா, புருஷன் இப்பிடிக் கெடக்காரு, நீ கதை பேசிக்கிட்டு இருக்கியே! ஆம்புலன்சுக்கு போன் போடவா?"

"இது ஹார்ட் அட்டாக் இல்லண்ணே, பேனிக் அட்டாக். செத்த இருங்க." அவள் கணவனிடம் திரும்பினாள். "கடலூர் டாக்டரம்மா என்னா சொன்னாங்க? நெஞ்சு அடிச்சா ஒடனே மாரடைப்புன்னு முடிவு கட்டாம, மனசுல என்னா இருக்குன்னு..."

பாதியில் நிறுத்திப் பல்லைக் கடித்தாள். முன் சீட்டை இறுக்கிப் பிடித்தாள். பாவம், புருஷன் மேல் அவ்வளவு கோபம் என்று ராஜாமணி நினைத்துக்கொண்டார்.

மெல்ல மூச்சு விட்டுவிட்டு அவள் தொடர்ந்தாள். "...பேர் சொல்லிப் பாக்கச் சொன்னாங்கல்ல? சொல்லுங்க. கோவமா?"

"இல்ல."

"பயமா?"

"பயந்தான்." கண்ணை மூடி, மூச்சை நிதானமாக விட்டான். "ஆனா அது மட்டும் இல்ல. உள்ள இன்னொண்ணும் கெடக்கு. அதுதான் ஜாஸ்தி."

"அது என்னா?"

யோசித்தவன் முகத்தில் அசட்டுச் சிரிப்பு ஒன்று எட்டிப் பார்த்தது. "சந்தோஷம் ஜோதி! தாங்க முடியாத சந்தோஷம். அதுக்கும் இப்பிடித்தான் அடிச்சிக்குமா?"

"அதுக்குத் தனியா வேற நெஞ்சா வச்சிருக்கீங்க மாமா?"

அவன் வாய்விட்டுச் சிரித்தான். நிமிர்ந்து உட்கார்ந்தான். சாவியைத் திருகினான்.

ராஜாமணி திருதிருவென்று முழித்தார். "அப்ப, ஆஸ்பத்திரிக்குப் போவ வேணாமா?"

"போவாம என்னாண்ணே? பிரசவ வலி வந்திருக்குறது எனக்குல்ல!"