டிரைவர் பக்கம்

பாலாநகர் வீட்டு வாசலில் லாரியின் முன்பக்க ஸ்பிரிங்குகளை மாற்றிவிட்டு அய்யாக்கண்ணு ஜாக்கியை இறக்கினான். காலி லாரி டிரைவர் பக்கமாகச் சாய்ந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, என்னவென்று பார்க்க அடியில் நுழைந்தான். யாரோ ஏறி உட்கார்ந்ததைப் போல லாரி மேலும் தாழ்ந்தது. சேஸிஸ் நெஞ்சில் அழுந்த, குரல் எழவில்லை.

திருஷ்டி கழிக்க வந்த மனைவி பூங்கோதையின் பாதங்கள் மட்டும் தெரிந்தன. செருப்பை ஓரமாக நகர்த்தினாள். டயர்களுக்கு அடியில் எலுமிச்சம்பழங்களை வைத்தாள். டிரைவர் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"நெத்தியக் காட்டுங்க, துன்னூறு பூசறேன். இன்னும் கொஞ்சம் குனிங்க."

அவள் குதிகால்கள் எம்பித் தணிந்தன.

"மெதுவா எடுங்க. அவசரம் நக்கோ, வேணாம்."

சாவி அய்யாக்கண்ணுவின் சட்டைப் பையில் குத்திக்கொண்டிருந்தது. இன்ஜின் உறுமியது. எலுமிச்சைச் சாறு அவன் கண்ணில் தெறித்தது.