பெரிய ஸ்கிரீன்

"ஸ்கிரீன் எவ்வளவு பெருசா இருந்தா எனக்கென்ன தம்பி? அது பேசுறதைக் கேட்கணும், அவ்வளவுதான்" என்றார் மரிய ஆல்பர்ட்.

கறுப்புக் கண்ணாடி, கனத்த ஜாக்கெட், கையில் ஹெல்மெட். வரதராசன்பேட்டையில் பிள்ளைகளுக்கு வரலாறு நடத்துகிற வாத்தியார் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அவருடைய மனைவி கிறிஸ்டி, கடைக்குள் நுழைந்ததிலிருந்து அவர் கையை விடவே இல்லை. கல்யாணமாகி இருபது வருஷமாம். இப்படியும் ஒரு ஒட்டுதலா என்று இளவரசன் மனசுக்குள் சிரித்துக்கொண்டான்.

ஆனால் ஸ்கிரீனைப் பற்றிச் சொன்னதுதான் அவனுக்குச் சுருக்கென்றது. பெரம்பலூரில் பைக்குக்கு வழிகாட்டிக் கருவி விற்கிற கடை அவனுடையது மட்டும்தான். உள்ளங்கையை விட அகலமான ஸ்கிரீனோடு புது மாடல் ஒன்றை ஆசை ஆசையாக வரவழைத்து வைத்திருந்தான். மனுஷன் அந்தப் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை.

"உச்சி வெயில்லயும் பளிச்சுனு தெரியும் சார். போன்ல இந்த வசதி வராது."

"போனைப் பத்திப் பேசாதீங்க. போன மாசம் அதை நம்பி அரியலூர் பக்கம் போனோம். நேராப் போ, நேராப் போன்னே சொல்லிட்டு இருந்துச்சு. கடைசியில பார்த்தா சுண்ணாம்புக்கல் குவாரி. முன் டயருக்கும் பள்ளத்துக்கும் நடுவுல ஒரு முழம் இருந்திருந்தா அதிகம்."

"வீட்டுக்கு வந்ததும் அந்த மேப்பை போன்லருந்தே அழிச்சுட்டேன்" என்றாள் கிறிஸ்டி. "இப்ப மே மாச லீவுல லடாக் போறோம். அங்க குவாரி இருக்காது, மலைப்பள்ளம்தான் இருக்கும். அதான் நல்லதாப் பார்த்து எடுக்கணும்னு வந்தோம்."

இளவரசனுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. அவனும் இரண்டு தடவை கோவாவுக்கு பைக்கில் போய் வந்தவன். மூன்று கருவிகளை எடுத்து மேஜைமேல் வைத்து, மூன்றிலும் ஏலாக்குறிச்சிக்கு வழி கேட்டான்.

புது மாடலைக் காதருகே வைத்துக் கேட்டார் ஆல்பர்ட். "குரல் கம்மலா இருக்கு. காத்துல ஒண்ணும் கேட்காது."

இரண்டாவதைத் தடவிப் பார்த்தார். "முழுக்கக் கண்ணாடியா இருக்கே. அழுத்துனா விரலுக்குத் தெரியற மாதிரி பட்டன் வேணும் தம்பி."

கையுறை போட்டு ஓட்டுகிறவர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, மூன்றாவதை நீட்டினான். அது பழைய மாடல். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஸ்கிரீன், பக்கவாட்டில் நான்கு பட்டன்கள்.

அது கணீரென்று பேசியது. "முந்நூறு மீட்டரில் இடதுபுறம் திரும்பவும்."

ஆல்பர்ட்டின் முகம் மலர்ந்தது. "முந்நூறு மீட்டருக்கு முன்னாடியே சொல்லுது பாரு கிறிஸ்டி! கடைசி நேரத்துல கத்துற வேலையே இல்ல. இதைத்தான் எடுக்குறோம்."

"சார், லடாக் வரைக்கும் போறீங்க. இந்தத் துளியூண்டு ஸ்கிரீனை வச்சுக்கிட்டா?"

"நல்லாப் பேசுதே, போதாதா?"

இளவரசனால் பொறுக்க முடியவில்லை. வியாபாரம் கிடக்கட்டும், தப்பான சாமானை வாங்கிக்கொண்டு போய் இந்த மனுஷன் மலையில் தவித்தால்? "ஒண்ணு பண்ணுங்க. புதுசு, பழசு ரெண்டையும் எடுத்துக்கிட்டு ரஞ்சன்குடிக் கோட்டை வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க. எது வேணும்னு அப்புறம் சொல்லுங்க."

"அதுவும் சரிதான்" என்றார் ஆல்பர்ட்.

ஸ்குரூ டிரைவரும் ஸ்டாண்டுமாக வாசலுக்கு ஓடினான் இளவரசன். ஹேண்டில்பாரில் மாட்டப் போனவனைக் கிறிஸ்டி தடுத்தாள்.

"மாட்டாதீங்க தம்பி. அது அவரு பாக்கெட்டுல இருக்கட்டும்."

சொல்லிக்கொண்டே அவருடைய ஜாக்கெட் பையிலிருந்து சாவியை எடுத்தாள். வண்டியில் தொங்கிய தன் ஹெல்மெட்டை எடுத்து மாட்டினாள். அந்தக் கனத்த வண்டியை ஸ்டாண்டிலிருந்து அலுங்காமல் இறக்கி, முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து கிளப்பினாள்.

இளவரசன் வாயைப் பிளந்தான். "அக்கா, வண்டி நீங்களா ஓட்டுறீங்க?"

"பின்னே? லடாக் வரைக்கும் நான்தான்."

"அட! இத்தனை நேரமும் ஆளை மாத்திப் பேசிட்டு இருந்திருக்கேனே!" தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான். "அப்படின்னா பெரிய ஸ்கிரீன் உங்களுக்குத்தானேக்கா வேணும்?"

"எனக்கு எதுக்கு? மலை ரோட்டுல கண்ணை எடுக்க முடியுமா? எந்த ஊருக்குப் போனாலும் வழி சொல்றது அவருதான்."

அவன் விடுவதாக இல்லை. புது மாடலைத் தூக்கிக்கொண்டு ஆல்பர்ட்டிடம் வந்தான். "அப்ப நீங்களாவது இதை வாங்கிக்குங்க சார். பின்னாடி சும்மாதானே உட்கார்ந்து வரப்போறீங்க? மேப்பைப் பார்த்துப் பார்த்து அக்காவுக்குச் சொல்லலாம்ல?"

மரிய ஆல்பர்ட் கையை நீட்டித் துழாவி மனைவியின் தோளைப் பற்றிக்கொண்டார். காலைத் தூக்கிப் போட்டுப் பின்னால் வசதியாக உட்கார்ந்து, வாய்விட்டுச் சிரித்தார்.

"கண்ணு தெரிஞ்சா பார்க்க மாட்டேனா தம்பி?"